மழலையர் விளையாட்டு பெரியவர்களுக்குக் கற்றுத் தரும் பாடம்

(மழலையர் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

குழந்தைகளுக்கு நாம் கற்றுக் கொடுக்க வேண்டியவை குறித்து ஆண்டுதோறும் பேசி வருகின்றோம். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஏதேனும் உண்டா என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

"பள்ளியில் இன்று என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது, "விளையாடினேன்" என்று பிள்ளை சொன்னால் நம் முகம் சுருங்குகிறது. கட்டிய கட்டணம் வீணாயிற்றே என்று எண்ணுகின்றோம். ஆனால், மழலையர் பள்ளி என்னும் முறையே விளையாட்டின் மீது எழுப்பப்பட்டதாகும். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுவர்களுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் சூட்டினார். நூல் பந்தும், மர உருண்டையும், கனசதுரக் கட்டைகளுமே அங்குப் பாடநூல்களாக விளங்கின.

இவ்விளையாட்டின் பயனை உணர்த்தும் போட்டி ஒன்று உண்டு. பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய அப்போட்டியை, டாம் வுஜெக் என்பவர் பல குழுக்களிடம் நடத்திப் பார்த்து, 2010இல் ஓர் உரையில் விளக்கினார். வேகவைக்காத ஸ்பாகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கஜம் ஒட்டுநாடா, ஒரு கஜம் நூல், பஞ்சு போன்ற மிட்டாய் ஒன்று; இவற்றைக் கொண்டு 18 நிமிடங்களில் கோபுரம் எழுப்பி, உச்சியில் அம்மிட்டாயை நிறுத்த வேண்டும்.

கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் உயரமாகக் கட்டினர். அது அவர்தம் தொழில். ஆனால், வணிக மேலாண்மை பயின்ற பட்டதாரிகளை மழலையர் வகுப்பு முடித்த பிள்ளைகள் வென்றுவிட்டனர்! காரணம் என்ன? பட்டதாரிகள் தலைமை யாருக்கு என்பதிலும், திட்டம் தீட்டுவதிலும் நேரத்தைச் செலவிட்டனர். கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைத்ததும் கோபுரம் சரிந்தது. திருத்த நேரமில்லை. பிள்ளைகளோ தொடக்கத்திலேயே சிறிய கோபுரம் கட்டி, மிட்டாயை வைத்துப் பார்த்தனர். விழுந்தது, மாற்றிக் கட்டினர். மீண்டும் விழுந்தது, மீண்டும் கட்டினர்.

நமது வகுப்பறையிலும் இதைக் காணலாம். அடுக்கிய கட்டைகள் சரிந்தால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். யாரால் விழுந்தது என்று விசாரணைக் குழு அமைப்பதில்லை! அவர்களும் கட்டையைப் பிடுங்குவார்கள், தள்ளுவார்கள், அழுவார்கள், 'காய்' விடுவார்கள். ஆயின், தனியே ஆடுவதில் சுவையில்லை என்று கண்டதும், சற்று நேரத்தில் 'பழம்' விட்டுக் கூடிவிடுகின்றனர். யார் முதலில் பேசுவது என்ற கௌரவம் அவர்களுக்குத் தடையாக நிற்பதில்லை.

நாம் எவ்வாறு இருக்கின்றோம்? ஒரு பொதுக் காரியத்தைத் தொடங்குமுன் பொறுப்பு யாருக்கு என்பதிலேயே மாதங்கள் கழிகின்றன. ஒரு முறை தவறினால், "இது நடக்காது" என்று கைவிடுகின்றோம். ஒரு சுவர்த் தகராற்றில் அறுந்த பேச்சு பத்தாண்டுகள் கடந்தும் தொடங்குவதில்லை. ஆனால், அந்த இரு வீட்டுப் பிள்ளைகளும் இன்று ஒரே பாயில் அமர்ந்து ஒரே கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருக்கின்றனர். நாளை அவர்களிடம், "அவனோடு சேராதே" என்று சொல்லப் போகின்றோமா? விழுந்ததை மீண்டும் எடுத்துக் கட்டும் அக்கலையை அவர்கள் மறந்துபோகச் செய்வது நாமாகவே இருந்துவிடக் கூடாது.

எனவே, இனிப் பிள்ளையை அழைக்க வரும்போது, வாசலிலிருந்தே கூப்பிடாமல் ஐந்து நிமிடம் நின்று அவ்விளையாட்டைக் கவனிப்போம். அங்கிருந்து நேரே, நாம் பேசாதிருக்கும் ஒருவரின் வீட்டிற்குச் சென்று, முதலில் நாமே வாய் திறப்போம்.