கைக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு நிதானம்

(கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக நல்ல விஷயங்களைப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டுச் சாமான். எழுபதைத் தாண்டியவருக்கு ஏன் பொம்மைப் பேச்சு என்று நினைப்பீர்கள். இந்தப் பொம்மை விஷயத்தில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அது வேறு வீடுகளில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான், செயலாளர் பேசச் சொன்னதும் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

'ஃபிட்ஜெட்' என்றால் கையையும் காலையும் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பது. அதற்கென்றே செய்யப்பட்டவை ஃபிட்ஜெட் பொம்மைகள். 2017-ல் நடுவில் பால்பேரிங் வைத்துச் சுற்றும் மூன்று இறக்கை ஸ்பின்னர் உலகமெங்கும் பரவியது நினைவிருக்கும். 2021-ல் 'பாப் இட்' என்ற சிலிகான் குமிழித் தட்டு வந்தது. இவை தவிர, அமுக்குகிற ரப்பர் பந்து, பிசைகிற 'புட்டி' என்று பல வகைகள் உண்டு.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பேரனுக்குப் பத்து வயது. பூணூல் போட்டாகிவிட்டது. புத்திசாலி, ஆனால் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். பள்ளிக்கூட டயரியில் வாரம் தவறாமல் 'கவனமில்லை' என்று எழுதி வரும். சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாள் கணக்குப் போடும்போது இடது கையில் ஒரு பச்சை ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தான். 'படிக்கும்போது என்னடா விளையாட்டு?' என்று பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பென்சிலைக் கடித்தான். பூணூலைத் திருகினான். கையில் ஒரு அடியும் போட்டேன். நாலாம் நாள் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மேஜைக்கு அடியில் கட்டைவிரல் நகத்தோரத் தோலை உரித்து உரித்து ரத்தம் வந்திருந்தது. பதறிப்போய் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். 'தாத்தா, கை சும்மா இருந்தா காது மூடிண்டுடறது' என்றான்.

அன்று இரவுதான் என் பெண் விவரம் சொன்னாள். அவனைக் குழந்தை வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு என்று தெரிந்து, பயிற்சியும் ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பந்து பயிற்சியாளர் கொடுத்தது. 'ஏம்மா என்னிடம் சொல்லவில்லை?' என்றேன். 'நம்ம குடும்பத்துல இப்படியெல்லாம் கிடையாதுன்னு சொல்லிடுவேளோன்னு பயமா இருந்ததுப்பா' என்றாள். அந்த பதில் என்னை நன்றாகச் சுட்டது. அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய விஞ்ஞானப் பட்டதாரி அல்லவா, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று படிக்கவும் ஆரம்பித்தேன்.

1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளைப் பழக்கிப் பார்த்து ஒரு முடிவைச் சொன்னார்கள். கற்றுக்கொள்வதற்குத் தூண்டுதல் ரொம்பக் குறைவாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப அதிகமாகவும் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். குறைந்தால் மனசு தூங்கும், மிஞ்சினால் தறிகெட்டு ஓடும். கைக்குக் கொடுக்கும் சின்ன வேலை, தூங்கப் போகும் மனசை நடு நிலைக்குக் கொண்டுவருகிறது என்பதுதான் இந்தப் பொம்மைகளுக்குச் சொல்லப்படும் காரணம்.

2009-ல் ஜாக்கி ஆன்ட்ரேட் என்ற ஆங்கிலேய உளவியல் அறிஞர் 40 பேருக்கு ஒரு அலுப்பான தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் வடிவங்களை நிழலடித்தார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட 29 சதவிகிதம் அதிகமாக விவரங்கள் நினைவிருந்தன. 2015-ல் அமெரிக்காவில் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு 8 முதல் 12 வயதுப் பையன்களைப் பரீட்சித்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் அதிகமாக அசைந்தபோது நினைவுப் பணியை நன்றாகச் செய்தார்கள். அந்தக் குறைபாடு இல்லாத பையன்களோ அதிகம் அசைந்தபோது சரியாகச் செய்யவில்லை. ஆக, ஒருவனுக்கு உதவுவது இன்னொருவனுக்கு இடைஞ்சல்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள சிறு குழந்தைகள் வகுப்பில் ஸ்பின்னர் சுற்றியபோது கவனம் குறைந்ததாகத் தெரிந்தது. கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களுக்குக் காணொளிப் பாடம் நடத்திப் பார்த்ததிலும், ஸ்பின்னர் சுற்றியவர்களுக்கு நினைவில் நின்றது குறைவுதான்.

இரண்டு வகை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு விஷயம் தோன்றுகிறது. ஸ்பின்னர் கண்ணை இழுக்கிறது. பந்து இழுப்பதில்லை. வீட்டிலேயே பத்து நாள் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்பின்னர் கையில் இருந்தால் பேரன் கணக்கை விட்டு அதைத்தான் பார்த்தான். பந்து இருந்த நாட்களில் பாதியில் எழுந்து ஓடவில்லை. ஒரே ஒரு குழந்தை, பரீட்சை வைத்தவர் தாத்தா, ஆகவே இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நம் பெரியவர்கள் ஜபமாலையைக் கோமுகிப் பைக்குள் வைத்து உருட்டுவார்கள். விரல் மணியை நகர்த்தும், கண்ணுக்கு மாலை தெரியாது. அதன் நோக்கம் வேறு, பொம்மையோடு அதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் கைக்கு வேலை கொடுத்து, கண்ணை அதிலிருந்து விலக்கி வைக்கும் அந்த ஏற்பாடு யோசிக்க வேண்டியது. கச்சேரியில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கிறோம், பாட்டு காதில் விழாமலா போகிறது? நானே ஆபீஸில் நீண்ட மீட்டிங்குகளில் ஃபைல் டேக்கின் நுனியைத் திருகிக்கொண்டே முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என் கையில் அடி போடவில்லை.

இனி, நடைமுறைக்குச் சில குறிப்புகள்.

ஒன்று, பார்க்காமலேயே பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். சத்தமோ விளக்கோ வேண்டாம். ஒரு கைக்குள் அடங்கினால் போதும்.

இரண்டு, இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். பாடம் முடிகிறதா, தப்பு குறைகிறதா என்று குறித்து வையுங்கள். பலன் இல்லையென்றால் எடுத்துவிடலாம்.

மூன்று, பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் முன்கூட்டியே வகுப்பு ஆசிரியரிடம் பேசி, வைத்தியரின் குறிப்பையும் காட்டுங்கள். சொல்லாமல் அனுப்பினால் அங்கேயும் பீரோவுக்குத்தான் போகும்.

நான்கு, வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு அது 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். சின்ன பட்டன் பேட்டரி, காந்த உருண்டைகள் உள்ளவை வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஐந்து, இது மருந்து அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் கவனமின்மை தொடர்ந்து தொந்தரவு கொடுத்தால் குழந்தை வைத்தியரிடம் காட்டுவதே முறை.

முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில், மறதி நோய் கண்டு கை பரபரக்கும் பெரியவர்களுக்கு, கம்பளியில் உறை போலப் பின்னி அதில் பட்டன், ரிப்பன், மணி எல்லாம் கெட்டியாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். 'ட்விடில் மஃப்' என்று பெயர். புடவைத் தலைப்பையே நாள் முழுதும் நெருடிக்கொண்டிருக்கும் பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டு. பின்னல் தெரிந்த மாமிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. பந்தின் விலை கொஞ்சம்தான். எங்கள் வீட்டில் பெரிய செலவாகப் போனது, என் பெண் என்னிடம் சொல்லப் பயந்து கழித்த மாதங்களும், அந்தக் குழந்தை தன் தோலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு நாளும்தான். உங்கள் வீட்டுக் குழந்தை கையில் எதையாவது உருட்டிக்கொண்டு படித்தால், பிடுங்குவதற்கு முன் 'இது எதுக்குடா கண்ணா?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பேரன் இப்போதும் துறுதுறுதான். மாத்யாஹ்னிகம் பாதியில் எழுந்து ஓடுகிற நாளும் உண்டு. ஆனால் கணக்கு நோட்டோடு அவனே என்னைத் தேடி வருகிறான். இடது கையில் பச்சைப் பந்து இருக்கும். பீரோச் சாவியை அவன் பாட்டியிடம் கொடுத்துவிட்டேன்.

எல்லோர் வீட்டுக் குழந்தைகளும் க்ஷேமமாக இருக்கட்டும்.