பந்தல் போட்டோம், பத்திரிகை வைத்தோமா?

(லாஸ்பேட்டையில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றம். தலைப்பு: ‘இந்தியா நடத்திய உலகக் கால்பந்துப் போட்டிகள் மக்களிடம் போதிய அளவு கொண்டு சேர்க்கப்பட்டனவா? இல்லையா?’ ‘இல்லை’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே! மூட்டை மூட்டையாகப் புள்ளிவிவரம் கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! லாஸ்பேட்டைப் பெருமக்களே! வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக் கொண்டிருக்கிற தாய்மார்களே!

கிளம்பும்போது என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க, “இன்னிக்கு என்னங்க தலைப்பு?” “கால்பந்து”ன்னேன். “முப்பது வருஷமா நீங்க உதைச்சது உங்க ஸ்கூட்டரை மட்டும்தான். அதுவும் ஸ்டார்ட் ஆனதில்லை. நீங்க எப்படிங்க கால்பந்தைப் பத்திப் பேசுவீங்க?”ன்னாங்க. (சிரிப்பு) நான் சொன்னேன், “அம்மா, நான் ஆட்டத்தைப் பத்திப் பேசப் போகலை. அழைப்பைப் பத்திப் பேசப் போறேன்.”

எனக்கு முன்னால் பேசிய தம்பி அழகாகப் பேசினார். “2017 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. 24 நாடு, 52 ஆட்டம், பார்த்தவர்கள் 13 லட்சத்து 47 ஆயிரத்து 133 பேர். 1985ல் சீனா வைத்திருந்த சாதனையை முறியடித்தோம். இதற்கு மேல் என்னய்யா விளம்பரம் வேண்டும்?” என்று கேட்டார்.

பெருமைதான், மறுக்கவில்லை. இதோ நானும் கை தட்டுகிறேன். (கைதட்டல்) ஆனால் தம்பி, ஒரு கேள்வி. ஆட்டம் நடந்த ஊர் எது எது? கொல்கத்தா, கொச்சி, கோவா, கவுகாத்தி, டெல்லி, நவி மும்பை. இதில் கொல்கத்தாக்காரனுக்குக் கால்பந்தை விளம்பரம் செய்யணுமா? கவுகாத்தியில் மழையால் மைதானம் கெட்டுப் போய், இங்கிலாந்து–பிரேசில் அரையிறுதியைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இருந்த அவகாசம் இரண்டே நாள். அறுபதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள்! அவர்களுக்குத் தகவல் போதும், தானாக வருவார்கள். கொல்லன் தெருவில் ஊசி வித்துட்டு, “பாரு என் வியாபாரத் திறமையை”ன்னு சொல்லக் கூடாது தம்பி! (சிரிப்பு, கைதட்டல்) டெல்லியிலே என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச டிக்கெட் கொடுத்து உட்கார வைத்தார்கள். தப்பில்லை, நல்ல காரியம். ஆனால் கல்யாண மண்டபம் நிறைஞ்சிருக்குன்னா, ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சோம்னு அர்த்தமா?

சரி, அந்த 13 லட்சம் பேர் அப்புறம் எங்கே போனார்கள்? எண்ணி எட்டே மாதம். 2018 ஜூன் 1ஆம் தேதி மும்பையில் இந்திய அணி சீன தைபேயோடு ஆடுகிறது. இந்தியா ஐந்து கோல் போடுகிறது. தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடிக்கிறார். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,569 பேர். நம்ம ஊர்ல ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் பேர் பந்தியிலே உட்காருவாங்க!

அந்த மனுஷன் என்ன செய்தார்? மறுநாள் ஒரு வீடியோ போட்டார். திட்டுறதா இருந்தாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்க, வந்து பாருங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். அடுத்த ஆட்டம் ஜூன் 4ஆம் தேதி, கென்யாவோடு. அது அவருக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். டிக்கெட் அத்தனையும் வித்துப் போச்சு! (கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, இதுதான் என் கட்சி. மக்கள் வராதவர்கள் இல்லை, அழைத்தால் வருவார்கள். ஒரு நாட்டின் அணித் தலைவன் தானே வந்து பத்திரிகை வைக்கிற நிலைமை வந்ததே, அப்படியானால் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் வேலையைச் செய்யவில்லை என்றுதானே பொருள்?

ஆண்பிள்ளைகளின் போட்டிக்காவது பிரதமரே 2016ல் தம் வானொலி உரையில் பேசினார். ஒரு கோடியே பத்து லட்சம் பிள்ளைகளிடம் ஆட்டத்தைக் கொண்டு போகிறோம் என்று திட்டம் போட்டார்கள். பெண்பிள்ளைகள் போட்டிக்கு வாருங்கள். அங்கேதான் எதிரணியின் புள்ளிவிவர மூட்டை அவிழ்ந்து போகிறது.

2020ல் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவால் தள்ளிப்போய், ரத்தாகி, 2022 அக்டோபருக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் உலகச் சம்மேளனமான ஃபிஃபா, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி, இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. பத்துப் பதினொரு நாள் கழித்துத்தான் தடையை நீக்கினார்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை, கல்யாணம் நடக்குமா என்பதே பெண்வீட்டாருக்குத் தெரியாது. இதில் பத்திரிகை எப்போது அச்சடிப்பது? (சிரிப்பு)

இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2022 அக்டோபர் 12ஆம் தேதி காலை. பேப்பரைப் புரட்டுகிறேன். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில் செய்தி. புவனேசுவரத்தில் இந்தியப் பெண்கள் அணி அமெரிக்காவிடம் எட்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. அப்போதுதான், நடுவர் அவர்களே, முனைவர் பட்டம் வாங்கிய இந்தப் பேராசிரியனுக்கே நம் நாட்டில் ஓர் உலகக் கோப்பை நடக்கிறது என்று தெரிகிறது.

வகுப்புக்குப் போய்க் கேட்டேன். “நேத்து ராத்திரி நம்ம நாட்டில் உலகக் கோப்பை தொடங்கியது. யாருக்குத் தெரியும்?” ஒரு பையன் எழுந்து, “கிரிக்கெட்டாங்க ஐயா?” என்றான். கடைசி பெஞ்சில் ஒரே ஒரு பெண் மெல்லக் கையைத் தூக்கினாள்.

வகுப்பு முடிந்ததும் வந்தாள். “ஐயா, நான் ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடினேன். பிளஸ் டூவோட வீட்ல நிறுத்திட்டாங்க. பொம்பளப் பிள்ளைக்குப் பந்து எதுக்குன்னு அப்பா கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நம்ம நாட்டுலயே பொண்ணுங்களுக்கு உலகக் கோப்பை நடக்குதுன்னு நம்ம ஊர்ல ஒரே ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தா, அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன் ஐயா.”

(அரங்கில் அமைதி)

விளம்பரம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்! டிக்கெட் விற்க மட்டுமா விளம்பரம்? ஒரு பெண் தன் அப்பாவிடம் காட்ட ஓர் ஆதாரம் வேண்டும் ஐயா! அந்தச் சுவரொட்டி அவள் பக்கம் நின்று வாதாடியிருக்கும். (பலத்த கைதட்டல்)

“காசு ஏது?” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் அறிவிக்க எவ்வளவு காசு? ரேஷன் கடைப் பலகையில் எழுத ஒரு சாக்பீஸ் போதாதா? பக்கத்தில் இருக்கிற கடலூரிலிருந்து போய் இந்திய அணிக்கு ஆடியவர் இந்துமதி கதிரேசன். அவரை அழைத்து வந்து பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நிமிஷம் பேச வைத்திருந்தால் போதுமே!

“புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஆர்வம் இல்லை” என்று எதிரணி அம்மையார் சொன்னார். அப்படியா? 2018ல் பிரான்ஸ் மாஸ்கோவில் கோப்பையை வென்றபோது நம்ம ஊரில் கொண்டாடினார்களே, மறந்து போச்சா அம்மா? மாஸ்கோவில் நடப்பது இங்கே தெரிகிறது, புவனேசுவரத்தில் நடப்பது தெரியவில்லை. குறை யாருடையது?

அந்த அணியின் தலைவி அஸ்தம் ஓரான். ஜார்க்கண்டில் கும்லா மாவட்டத்துக் கிராமத்துப் பெண். மகள் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்குகிறாள், அவள் ஊருக்குப் போடுகிற சாலையில் பெற்றோர் கூலி வேலை செய்கிறார்கள். அவள் ஆடுவதை அவர்கள் பார்க்கட்டும் என்று மாவட்ட நிர்வாகம் வீட்டில் ஒரு டி.வி. கொண்டுபோய் வைத்தது. நல்ல மனம், வாழ்த்துவோம். ஆனால் நடத்துகிற நாட்டின் அணித் தலைவி வீட்டிலேயே கடைசி நேரத்தில்தான் டி.வி. வருகிறது என்றால், லாஸ்பேட்டைக்கு எப்போது சேதி வரும்?

அமெரிக்காவில் 1994ல் உலகக் கோப்பை நடந்தது. கால்பந்துக்குப் பேர்போன நாடு இல்லை. ஆனால் போட்டியை வாங்கும்போதே, தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1996ல் தொடங்கியும் காட்டினார்கள். விருந்து முடிந்த பிறகும் அடுப்பு அணையவில்லை.

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவர் விருந்தோம்பலை எங்கே வைத்தார்? ஒன்பதாவது அதிகாரம். அதற்கு முன்னால் எட்டாவது அன்புடைமை. அதற்கும் முன்னால் ஏழாவது மக்கட்பேறு. முதலில் பிள்ளைகள், அப்புறம் அன்பு, அதற்குப் பிறகுதான் விருந்து! நாம் விருந்தாளிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தோம். மைதானத்துக்குப் புல் போட்டோம், விளக்குப் போட்டோம். சொந்தப் பிள்ளையைக் கூப்பிட மறந்தோம். (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. சம்மேளனத்தைச் சொன்னேன், அரசாங்கத்தைச் சொன்னேன். என்னைச் சொல்ல வேண்டாமா?

நம்ம லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் தினமும் காலையில் நடக்கிறவன் நான். ஒருநாள் நான்கைந்து பெண்பிள்ளைகள் பந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு வந்து என் காலில் பட்டது. திருப்பி உதைக்க வேண்டியதுதானே? நான் உதைக்கவில்லை. “ஏம்மா, பெரியவங்க நடக்கற இடத்துல என்னம்மா ஆட்டம்? அந்தப் பக்கம் போங்க”ன்னு சொன்னேன். போய்விட்டார்கள். கடைசி பெஞ்சுப் பெண் பேசிய அன்றுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய அப்பா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். போட்டியை நடத்துகிற நாடு என்றால் டெல்லி மட்டுமா? நானும்தானே?

அந்தப் பிள்ளைகள் எட்டுக் கோல் வாங்கியது தோல்வி இல்லை. அவர்கள் ஆடினார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போனதே, அதுதான் தோல்வி.

ஆகவே நடுவர் அவர்களே, பந்தல் பிரமாதம், மேளம் பிரமாதம், வெளியூர் விருந்தினருக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் பிள்ளை வாசலில் நிற்கிறாள். அவள் கைக்குப் பத்திரிகை போய்ச் சேரவில்லை. போதவில்லை என்றே தீர்ப்புச் சொல்லுங்கள். நாளைக் காலையில் பந்து என் பக்கம் வந்தால் நான் திருப்பி உதைக்கிறேன். ஸ்கூட்டர் மாதிரி இல்லாமல் அதாவது கிளம்பட்டும்!

(சிரிப்பு, நீண்ட கைதட்டல்)