புகைன்னா மிச்சம் இருக்கிற விறகு

எங்க வெண்ணந்தூர் வீட்டுல கேஸ் இருக்கு. ஆனா குளிக்கத் தண்ணி காயறது இன்னும் விறகடுப்புலதான். அதுல வர்ற புகை வேற ஒண்ணுமில்லை, முழுசா எரியாத விறகு.

குளிர் நாடுகள்ல இதுக்குக் கேட்டலிடிக் அடுப்பு வெச்சிருக்காங்க. பிளாட்டினம், பல்லேடியம் பூசின தேன்கூடு மாதிரி ஒரு தட்டு அதுல இருக்கும். புகை தானா எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். இந்தத் தட்டுல 260 டிகிரியிலேயே எரிஞ்சிடும். ஆனா ஈர விறகு போட்டா அந்தச் சூடு வராது. பெயின்ட் அடிச்ச பலகை, பிளாஸ்டிக் போட்டா பூச்சே கெட்டுடும்.

பராமரிப்பு இல்லாம எந்த அடுப்பும் நிக்காது. 1980கள்ல மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்துச்சு. கணக்குப்படி 3 கோடிக்கும் மேல அடுப்பு. பல வீடுகள்ல அடுப்பு விரிசல் விட்டுது, புகைக்குழாய் அடைச்சுது, சரிபண்ண ஆளில்லை. 2002-ல திட்டத்தையே நிறுத்தினாங்க. டிப்ளாய் பண்ணினதை எண்ணினாங்க, மெயின்டனன்ஸை யாரும் எண்ணலை.

அதனால விறகைச் சின்னதாப் பிளந்து வெயில்ல காய வைங்க. சாம்பலை அள்ளிட்டு, அடியில காத்து போக வழி விடுங்க. குழாய் இருந்தா கரியைத் தட்டுங்க. இந்த வேலையை அம்மா தலையில கட்டாதீங்க. எரியாத மிச்ச விறகு போறது அவங்க நுரையீரலுக்குத்தான்.