மேகத்துக்கு வீடு கிடையாது!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம், வடக்குத்து. தலைப்பு: ‘குடும்பத்தின் நினைவுகளைக் காத்து வைக்க ஏற்ற இடம் மேகமா? வீடா?’ ‘வீடே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அழகாகப் பேசி, அதைவிட அழகாகத் தோற்கப் போகிற எதிரணி அம்மையார் அவர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! காலை ஷிப்ட் முடித்து நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிற தாய்மார்களே!

அம்மையார் பத்து நிமிடத்தில் இருபது முறை ‘மேகம், மேகம்’ என்றார்கள். போட்டோவை மேகத்தில் போடு, கடிதத்தை மேகத்தில் போடு, நிம்மதியாகத் தூங்கு என்றார்கள். நான் தமிழ் வாத்தியார். மேகத்தைத் தூது விடுவது எனக்குத் தெரியும். ஆனால் தூது விடுகிறவன் வீட்டுச் சாவியையும் மேகத்திடம் கொடுத்து அனுப்பியதாக எந்தப் புலவனும் பாடவில்லை. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்த மேகம் வானத்தில் இல்லை. எங்கேயோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்த கணினிகள். அவ்வளவுதான். அதற்கும் கரண்ட் வேணும், ஏ.சி. வேணும், வாசலில் வாட்ச்மேன் வேணும். 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் ஸ்ட்ராஸ்பூர்க் என்ற ஊரில் ஓ.வி.எச். என்ற பெரிய கம்பெனியின் ஐந்து மாடிக் கணினிக் கூடம் ராத்திரியோடு ராத்திரியாக எரிந்து போனது. வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்களுக்குப் போனது போனதுதான். மேகம் இடிக்கும், மின்னும், கொட்டும். மேகம் எரிஞ்சு போனதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? (சிரிப்பு)

‘வீட்டில் சர்வர் வைப்பதா? அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் வேலை’ என்றும் சொன்னார்கள். அம்மா, உலகத்தின் முதல் வலைத்தளம் எங்கே இருந்தது? ஸ்விட்சர்லாந்தில், செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரின் ஒரே ஒரு கணினியில். ‘இந்தக் கணினி ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்’ என்று ஒரு சீட்டில் சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். 1990-இல் மொத்த வலையும் அந்த ஒரு துண்டுச் சீட்டை நம்பித்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. அதை எழுதியது நானில்லை, என் வீட்டுக்காரம்மா. ஏன் எழுதினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெரிய பேர் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் அவர் கம்பனைச் சொல்ல ஆரம்பித்தால் தெருவில் போகிற மாட்டு வண்டி நின்று கேட்டுவிட்டுப் போகும். அவர் வகுப்புகளை நான் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன். முப்பது கேசட். ஐயா காலமான பிறகு, அந்த நாடா பூஞ்சணம் பிடிக்கும் முன்னே கணினியில் ஏற்றி, இலவசமாக வைத்துக் கொடுக்கிற ஒரு வலைத்தளத்தில் போட்டேன். போட்டுவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? ‘இனிமேல் பத்திரம்’ என்று சொல்லி கேசட்டையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். படிச்ச முட்டாள் என்பது நான்தான் நடுவர் அவர்களே!

அந்தக் கம்பெனி ஒரு நாள் கடையைக் கட்டியது. முன்கூட்டியே கடிதம் போட்டிருக்கிறார்கள். நான்தான் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஐயாவின் நினைவு நாளன்று குரலைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்தது. ஒரு மனிதர் இரண்டு தடவை இறக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. தமிழர்கள் உட்பட உலகமெல்லாம் அதில் சொந்தப் பக்கம் கட்டி வைத்திருந்தார்கள். 2009-இல் மூடினார்கள். ஆர்குட்டை 2014-இல் மூடினார்கள். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கடை அவருடையது, சாத்துகிற நேரமும் அவருடையது. என் வீட்டுத் தாலிக்கொடியை அந்தக் கடையில் வைத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் வந்தவன் நான்!

சரி, தமிழன் இதற்கு முன்னே எப்படிக் காப்பாற்றினான்? இதோ இந்த மேடைக்கு முன்னால் போகிற ரோட்டில் தெற்கே போனால் கும்பகோணம் வரும். 1880-இல் அந்த ஊரில்தான் உ.வே.சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏழு வருஷம் கழித்து, 1887-இல், அது அச்சுப் புத்தகமாக வந்தது. இடையில் அவர் ஊர் ஊராக, வீடு வீடாக ஏடு தேடினார். அந்த ஏடெல்லாம் எங்கே இருந்தது? மடத்தில் இருந்தது, கோயிலில் இருந்தது. அதோடு சாதாரண மனுஷன் வீட்டுப் பரணிலும் இருந்தது! பனை ஓலை என்றைக்கும் இருக்கிற சரக்கில்லை. பூச்சி அரிக்கும், இற்றுப் போகும். அதனால் எவனோ ஒருவன் உட்கார்ந்து எழுத்தாணியால் மறுபடி ஒரு பிரதி எழுதினான். அவன் பேரன் இன்னொன்று எழுதினான். ஒரு வீட்டில் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விட்டுவிட்டாலும் இன்னொரு ஊரில் ஒரு பிரதி கிடந்தது. சிந்தாமணி பிழைத்தது அப்படித்தான். (கைதட்டல்)

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். அதில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. நல்ல கட்டடம், நல்ல பராமரிப்பு, படித்தவர்கள் பொறுப்பு. எல்லாம் இருந்தும் ஒரே இடம். அந்த நெருப்பு எவ்வளவு ஆழமாகச் சுட்டதோ, 2005-இல் ஈழத்து இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற பேரிலேயே கணினி நூலகம் தொடங்கினார்கள்.

என் பதிவு போன துக்கத்தில் இருந்தபோது என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வந்தான். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் நடத்துகிறார்கள்; கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே பழகியவன். “ஐயா, உங்க பழைய கம்ப்யூட்டரைக் கொடுங்க, வீட்டிலேயே வெச்சுக்கலாம்” என்றான். அதில் லினக்ஸ் போட்டான். கோப்புக்கு நெக்ஸ்ட்கிளவுட், போட்டோவுக்கு இம்மிச், பாட்டுக்கு ஜெல்லிஃபின். மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் வாங்கினேன். என் கைப்பேசியில் படம் எடுத்தால் அது தானாக வீட்டுப் பெட்டிக்குப் போய் உட்காருகிறது. அமெரிக்காவில் இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில்!

இரண்டு மாதம் கழித்து கரண்ட் பில் வந்தது. வீட்டுக்காரம்மா கேட்டாங்க: “ஏங்க, கம்பன் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கானா?” (பலத்த சிரிப்பு) கணக்குப் போட்டேன். அந்தப் பழைய பெட்டி 80 வாட். இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். அப்போது நமக்கு அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுத்தது 100 யூனிட். அதை மொத்தமாகக் கம்பனே சாப்பிட்டுவிட்டு, 15 யூனிட் கடனும் வைத்துவிட்டான்! மாணவன் அதை எடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கணினி வைத்தான். 15 வாட். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. வீட்டில் சமாதானம் வந்தது.

அடுத்த பாடம் என் பேரன் கற்பித்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் எழுதினால் மற்றதிலும் அதே எழுத்து விழும். ஒன்று பழுதானால் மற்றது கை கொடுக்கும். நான் இறுமாந்திருந்தேன். பேரன் விளையாட்டாக ஒரு படக் கோப்புறையை அழித்தான். ஓடிப் போய் இரண்டாவதில் பார்த்தேன். அதுவும் விசுவாசமாக அழித்து வைத்திருந்தது!

நடுவர் அவர்களே, அந்த இரண்டாவது டிஸ்க் லட்சுமணன். அண்ணன் காட்டுக்குப் போனால் இவனும் காட்டுக்குப் போவான். அண்ணன் மேல் பக்தி உண்டு, ஆனால் அயோத்திக்கு அவனால் உபயோகம் இல்லை. நாட்டைக் காப்பாற்றியது யார்? கூடப் போகாமல், தனியே நந்தியம்பதியில் உட்கார்ந்து பாதுகையை வைத்துக்கொண்டு காத்திருந்த பரதன்! அப்படி வேறு ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு பிரதி வேண்டும். (நீண்ட கைதட்டல்) எங்கள் வீட்டுப் பரதன் திருச்சியில் என் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதிது ஏற்றிவிட்டு வருவேன். தங்கை பிள்ளைகளின் படம் எங்கள் வீட்டில். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி.

எதிரணி அம்மையார் தானே புயலைச் சொன்னார்கள். 2011 டிசம்பர் 30. சொல்லலாம், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். என் கல்யாண ஆல்பம் அன்றைக்கு நனைந்து ஒட்டிப் போனது. மாலை தெரியும், மாப்பிள்ளை தெரியாது. ‘வீட்டில் இருந்ததால்தானே போச்சு?’ என்றார்கள். இல்லை அம்மா, ஒரே வீட்டில் இருந்ததால் போச்சு. மேகத்திலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள், நான் தடுக்கவில்லை. அதை வாடகை வீடு என்று தெரிந்து வையுங்கள். பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாக ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மின்னஞ்சலை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். நானும் அவனும் ஒரு மாதம் முயன்றோம். வீட்டிலிருந்து கடிதம் போட்டால் பெரிய கம்பெனிகளின் வாசல்காரன் ‘நீ யார்?’ என்று குப்பையில் போட்டுவிடுகிறான். நம் இணைப்புக்குத் தனிக் கதவு எண்கூடக் கிடையாது. பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே எண். அந்த வம்பு குடும்பஸ்தனுக்கு வேண்டாம்.

இன்னொன்று. வைத்துவிட்டு மறந்துபோகிற பொருளில்லை இது. உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நம்ம சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பம்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று முன் வரிசையில் இருக்கிற அண்ணன்மாரைக் கேளுங்கள். (சிரிப்பு, கைதட்டல்) இந்தப் பெட்டியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மென்பொருளைப் புதுப்பிக்கணும், பிரதி சரியாக இருக்கா என்று திறந்து பார்க்கணும். அதற்கு நேரமில்லாதவர்கள் அம்மையார் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

அந்தச் சீட்டுக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம். ஆனாலும் ஆர்ச் கேட்டுக்கு வெளியே நமக்கும் கரண்ட் போகும். பெட்டிக்கு இன்வெர்ட்டர் உண்டு. போன வருஷம் நான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தேன். பெட்டி நின்றுவிட்டது. மாணவனும் ஊரில் இல்லை. வீட்டுக்காரம்மாவுக்குக் கடவுச்சொல் தெரியாது. இத்தனை வருஷப் படமும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாங்க: “கம்பெனிக்காரன் பூட்டினா என்ன, நீங்க பூட்டினா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

எதிரணியில் இன்று பேசிய அத்தனை பேரும் சேர்ந்து சொல்லாத பாயிண்ட்டை என் அணிக்கு எதிராக என் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்! (பலத்த கைதட்டல்) வீடு திரும்பியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். எப்படித் திறப்பது, எப்படி நிறுத்துவது, பரதன் எந்த பீரோவில், மாணவன் போன் நம்பர் என்ன என்று. அந்த நோட்டு ரேஷன் கார்டோடும் வீட்டுப் பத்திரத்தோடும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. படித்துப் பார்த்து, தானே ஒரு முறை நிறுத்தி, தானே ஓட்டிக் காட்டிய பிறகுதான் அவங்க அந்தச் சீட்டை எழுதி ஒட்டினாங்க: ‘தொடாதே. கேட்டுட்டுத் தொடு.’

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே நிமிடம் கொடுங்கள். ஐயாவின் முப்பது கேசட் போயிற்று என்றேன். உ.வே.சா. மாதிரி நானும் கூடப் படித்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். சேத்தியாத்தோப்பில் ஒருவர் பரணில் நாலு கேசட் கிடைத்தது. அவர் வகுப்புக்கே சரியாக வராதவர். வராத நாளுக்காக என்னிடம் வாங்கிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்! (சிரிப்பு) அந்த நாலும் இப்போது எங்கள் வீட்டில், திருச்சியில், அவர் வீட்டில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றாவது கேசட்டில் ஐயா பரதனைப் பற்றித்தான் பேசுகிறார். நடுவில் யாரோ இருமுகிறார்கள். அது நான். இருபது வயது.