வேலைக்கு முன்னே வித்தை
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓர் ஊர் செல்வம் பெறுவது எதனால் என்று கேட்டால், நிலவளத்தால் என்பார் சிலர். மூலதனத்தால் என்பார் வேறு சிலர். இரண்டும் வேண்டியனவே. ஆயினும் பழகிய கை இல்லாத இடத்தில் நிலமும் பணமும் நெடுநாட் பயன் தரமாட்டா. இதனை ஓர் அமெரிக்கப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கில் உள்ளது தென் கரோலைனா மாநிலம். அதன் வடமேற்குப் பகுதியில் கிரீன்வில், ஸ்பார்ட்டன்பேர்க் என்னும் இரு கவுண்டிகள் அடுத்தடுத்து உள்ளன. கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. பருத்தி வயலும் பஞ்சாலையுமே ஒரு காலத்தில் அங்குள்ளோர்க்குப் பிழைப்பு. ஆலைக்காரர் கட்டிய வீடுகளிலே தொழிலாளர் குடியிருந்தனர். சிறுவர் சிறுமியரும் நூற்கும் இயந்திரங்களின் அருகே நின்று உழைத்தனர். பள்ளியை விட்டு ஆலைக்குச் சென்றதனாற் கல்வி வளரவில்லை. கல்வி வளராமையால் வேறு தொழில்களும் வந்து சேரவில்லை.

1959ஆம் ஆண்டில் கவர்னர் பதவியேற்ற ஏர்னஸ்ட் ஹாலிங்ஸ் இந்தக் கட்டை அவிழ்க்க முனைந்தார். 1961இல் தொழினுட்பக் கல்விக்கென ஒரு சட்டம் நிறைவேறிற்று. அதன்படி நிலமும் கட்டிடமும் கவுண்டி மக்களின் பொறுப்பு. கருவிகளுக்கும் கற்பித்தலுக்கும் மாநிலம் உதவும். இவ்வாறு எழுந்த நிலையங்களில் முதலாவது 1962இல் கிரீன்வில்லில் திறக்கப்பட்டது. இன்று அம்மாநிலத்தில் இத்தகைய கல்லூரிகள் 16 உள்ளன.

அத்திட்டத்தின் நுட்பம் யாதெனில், வேலை வருமுன்னரே பயிற்சியைத் தொடங்கியமையாகும். ஒரு கம்பெனி தொழிற்சாலை அமைக்க முன்வந்தால், “உங்களுக்கு எவ்வகைத் தொழிலாளர் எத்தனை பேர் வேண்டும்?” என்று முதலிற் கேட்பர். அந்த வேலைக்கென்றே வகுப்பு அமைத்து, அரசின் செலவிற் பயிற்றுவர். வாசல் திறக்கும் நாளில் ஆட்களும் ஆயத்தமாய் இருப்பர்.

1975இல் பிரான்சிய மிஷெலின் கம்பெனி கிரீன்வில்லில் டயர் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஜெர்மானிய பி. எம். டபிள்யூ. கம்பெனி ஸ்பார்ட்டன்பேர்க் கவுண்டிக்கு வருவதாக 1992இல் அறிவித்தது; 1994இல் அங்கு முதல் மோட்டார்க் கார் வெளிவந்தது. இன்று அத்தொழிற்சாலையில் 11,000 பேருக்கு மேல் வேலை செய்கின்றனர். நிலமும் வரிச்சலுகையும் அவர்களை ஈர்த்தன என்பதை மறைத்தல் கூடாது. ஆனால் சலுகையை வேறோர் ஊரும் கொடுக்கலாம். மக்கள் கையிற் படிந்த வித்தையை எவரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

அதே ஆண்டுகளில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தறியிலே முதுமையடைந்தவர் கணினி இயக்கும் இயந்திரத்துக்கு ஒரே நாளில் மாறிவிட முடியுமா? ஆகவே பயிற்சி இளையோர்க்கு மட்டும் போதாது. நடு வயதில் வேலையிழந்தவர்க்கும், மாலை வகுப்பை நாடும் குடும்பத்தவர்க்கும் கதவு திறந்திருத்தல் வேண்டும். 2007இல் அம்மாநிலம் தொழில் பழகுநர் திட்டமொன்றையும் தொடங்கிற்று. அதிற் சேர்ந்தோர் கூலி பெற்றுக்கொண்டே கற்பர்.

இன்னொரு பாடமும் உண்டு, அது கசப்பானது. பஞ்சாலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் வேலை செய்வதை 1915ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுத்தது. இயந்திர வேலைகள் பெரும்பாலும் வெள்ளையர்க்கே கிடைத்தன. 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் பின்னரே கறுப்பர் பெருந்தொகையாக அவ்வேலைகளைப் பெறலாயினர். ஒரு பகுதியாரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் ஊர், தன் கைகளில் ஒன்றைத் தானே கட்டிக்கொள்கிறது அன்றோ?

அன்பர்களே! இதைத் தொலைதேசத்துக் கதையென்று கேட்டு எழுந்து போகலாமா? மேசையின் முன் அமர்வதே உத்தியோகம், எண்ணெய் படிந்த கை இழிவு என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை. வாலிபர்களே, ஒரு தொழிலைப் பழுதறக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, பட்டறையிலிருந்து வீடு திரும்பும் மகனையும் மகளையும் அலுவலகத்திலிருந்து வருவோரைப் போன்றே மகிழ்ந்து வரவேற்பீர்களாக. எந்தக் குலத்துப் பிள்ளையையும் புறத்தே நிறுத்தாது, கற்க விரும்பும் அனைவரையும் சேர்த்துக்கொள்வோமாக.

தொழிற்சாலை ஒருநாள் வரும். ஒருநாள் போகவும் கூடும். கற்ற வித்தை நம்மோடு நிற்கும். அதனை முன்னதாகவே தேடிக்கொள்வோம்.