பிள்ளைகள் விளையாடும் மைதானத்தில் களை மருந்து: நாம் என்ன செய்யலாம்?

(கோவிலூரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது நம் பிள்ளைகள் விளையாடுகிற மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ததும் பள்ளி மைதானமெல்லாம் கோரை, நெருஞ்சி, பார்த்தீனியம் என்று மண்டிப் போகிறது. பொங்கல் விளையாட்டு, விளையாட்டு விழா என்றால் அவசரமாகச் சுத்தம் செய்ய வேண்டும். முன்பெல்லாம் மண்வெட்டியும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு நாலு பெண்கள் இறங்குவோம். இப்போது பல ஊர்களில் ஒரு ஆள், ஒரு ஸ்பிரேயர், ஒரு டப்பா மருந்து. அரை நாளில் வேலை முடிந்தது. செலவு குறைவுதான். ஆனா அடிச்ச மருந்து எங்கே போகுதுன்னு யாரும் கேட்கிறதில்லை.

மருந்து எங்கே போகிறது?

கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியாக உள்ளே போய் வேர் வரைக்கும் இறங்கும். செடி உடனே காயாது. சில நாள் பச்சையாகவே இருக்கும். அதனால் மருந்து அடித்த இடம் என்றே தெரியாது. பிள்ளைகள் வெறுங்காலோடு கபடி ஆடுவார்கள், விழுவார்கள், முட்டி சிராய்க்கும், அதே கையால் முறுக்கு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆடு மேயும். ஓரத்துல முளைச்ச கீரையை நாமே பறிச்சுக் குழம்பு வைப்போம். மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து ஊருணிக்கும் போகும்.

இலையில் படிந்த மருந்து காய்ந்தாலும் தேய்த்தால் கையில் ஒட்டும். காலைப் பனியில் நனைந்தால் இன்னும் சுலபமாக ஒட்டும். அமெரிக்காவில் 2,4-டி என்ற களை மருந்தைப் புல்வெளியில் அடித்துவிட்டு வீட்டுக்குள் சோதித்துப் பார்த்தார்கள். 2001-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. மருந்து அடித்தவரின் செருப்பும் வீட்டு நாயும் மருந்தை உள்ளே கொண்டு வந்திருந்தன. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதை நினைத்துப் பாருங்கள்.

பயப்பட வேண்டுமா?

பீதி வேண்டாம், கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல், கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படி இல்லை என்றது. கலிபோர்னியாவில் பள்ளி மைதானங்களுக்கு மருந்து அடித்து வந்த டிவெய்ன் ஜான்சன் என்ற பணியாளருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. 2018-ல் நீதிமன்றம் மான்சான்டோ கம்பெனி இழப்பீடு தர வேண்டும் என்றது. 2020-ல் மேல்முறையீட்டில் தொகை குறைந்தது, பொறுப்பு மாறவில்லை. மருந்தால் புற்றுநோய் வராது என்றே கம்பெனி வாதாடியது.

நம் நாட்டிலும் 2022 அக்டோபரில், கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. நியூயார்க் மாநிலம் 2010-லேயே சட்டம் போட்டு, பள்ளி விளையாட்டு மைதானங்களில் இந்த மருந்துகளை அடிப்பதை நிறுத்தியது. படித்தவர்களுக்குள் வாதம் முடியட்டும். அதுவரைக்கும் பிள்ளைங்க உடம்புல சோதனை நடக்க வேண்டாம். அதுதான் நம்ம நியாயம்.

முதல் வழி: மருந்து இல்லாமல் களை எடுப்பது

* முதல் மழைக்குப் பிறகு, செடி சிறிதாக இருக்கும்போதே எடுத்தால் பாதி வேலைதான்.
* பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் அரிப்பு வரும், கையுறை அவசியம்.
* நெருஞ்சியை முள் வைக்கும் முன்பே எடுக்க வேண்டும்.
* கோரைக்குக் கிழங்கு அடியில் இருக்கும். விளையாட அதை ஒழிக்க வேண்டியதில்லை, ஒட்ட வெட்டி விட்டால் போதும்.

"கூலி யார் கொடுப்பா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நம் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய கூலிதான் இப்போது மருந்து டப்பாவுக்குப் போகிறது. அதைக் கிராம சபையில் கேட்போம்.

மருந்து அடித்தே தீருவோம் என்றால்

1. விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் வேண்டாம். அரையாண்டு விடுமுறை தொடங்கும்போது அடிக்கட்டும்.
2. எந்த மருந்து, எந்தத் தேதி என்று வாசலில் பலகை வைக்கச் சொல்லுங்கள். ஆடு மாடும் உள்ளே போகக் கூடாது.
3. காற்று அடிக்கும்போதும் மழை வருகிற மாதிரி இருக்கும்போதும் கூடாது. ஊருணிக் கரையில் எப்போதுமே கூடாது.
4. அடிப்பவருக்குக் கையுறை, முழுக்கை சட்டை, பூட்ஸ், முகமூடி வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.
5. டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றாலும் அது மருந்துதான். பாராகுவாட் உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது.
6. விளையாடி வந்த பிள்ளைகள் செருப்பை வாசலிலேயே விடட்டும். கை, கால், முகத்தை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.
7. காலி டப்பாவைத் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ வைத்துக்கொள்ளக் கூடாது.
8. யாருக்காவது வாந்தி, மயக்கம், கண் எரிச்சல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவின் லேபிளைக் கையோடு கொண்டு போங்கள்.

நம் கையில் இருக்கிற அதிகாரம்

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்கள் வேறு யாருமில்லை, நாமதான். கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராம, "மைதானத்துக்கு என்ன அடிக்கிறீங்க?"ன்னு வாய் திறந்து கேளுங்க.

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள்: எங்கள் ஊர் மைதானத்தில் எங்களுக்குத் தெரியாமல் மருந்து அடிக்கக் கூடாது. தலைமை ஆசிரியரிடமும் ஊராட்சியிலும் அதன் நகலைக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன பதில் வந்தது என்று எல்லோரும் சொல்லுவோம்.