மிஸ்ஸியிடம் வாய் திறந்து பேசுவோம்

(திரிங்காப்பில் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துக்கென்று ஒரு டிரெஸ்ஸர் இருந்தார். எந்த லயத்தில் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். இன்று நாம் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறோம். அங்குள்ள மிஸ்ஸி கிளந்தானிலிருந்தோ சரவாக்கிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவர் பேசும் வேகம் பிடிபடாது.

என் தாயாருக்குக் கென்சிங் மானிஸ். மாத்திரை போட்டதும் சாப்பிட வேண்டும் என்று ஒரு மிஸ்ஸி மலாயில் விளக்கினார். அம்மா நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். நமக்கு அது 'சரி'. மிஸ்ஸிக்கு அது 'மாட்டேன்'. அவர் குரல் உயர்ந்தது. அம்மா வாயை மூடிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விரதம். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு மலைக்குப் போனவர், கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்தார்.

பிறகு வேறொரு மலாய் மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். விரதம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நோன்பு மாதத்தில் எங்கள் பெரியவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை நேரத்தை மாற்றுவார்கள். நீங்களும் முன்கூட்டியே சொல்லுங்கள், மக்சிக்" என்றார். அன்று முதல் அம்மா அவரிடம் எதையும் மறைத்ததில்லை.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. தலையாட்டாமல் வாயால் "யா", "தீடாக்" என்று சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "பாகி சத்து, மாலாம் சத்து, லெப்பாஸ் மாக்கான், பெத்துல்கா மிஸ்ஸி?" விரதம், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். பெண்களுக்குரிய நோயைப் பற்றிப் பேசப் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். விவரம் தெரிந்த பெண் ஒருவரை அழைத்துப் போங்கள். விளங்காத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தன் நோயையும் சிகிச்சையையும் பற்றி அறிவது நோயாளியின் உரிமை என்று 1995-ஆம் ஆண்டின் நோயாளிகள் சாசனமே கூறுகிறது.

மிஸ்ஸி வேலைக்குப் படிக்கும் நம் பிள்ளைகளே, நாளை உங்கள் முன்னால் ஒரு வங்காளதேசத் தொழிலாளியோ ஓராங் அஸ்லி தாயோ புரியாமல் தலையாட்டுவார். அப்போது நம் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.